முள்ளைப் பாரு, அம்மிணி!

"டப்... டப்..." என்று தெருமுனையில் சத்தம் கேட்டாலே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவாள். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. நாளெல்லாம் லாரிகளோடு மல்லுக்கட்டினாலும் அவருக்கு உயிர் அந்தப் பழைய 350 சி.சி. புல்லட்தான். சென்னையில் 1955 முதல் தயாராகிவரும் வண்டி. சித்தப்பா வைத்திருந்ததோ மைசூரில் செய்த ஜாவா. பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். கியர் கம்பியையே நிமிர்த்தினால் அதுதான் கிக்கர்! 1996-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது, சித்தப்பா எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

1987-ல் ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். புதுச்சத்திரம் தாண்டியதும் அம்மாவின் முந்தானை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வண்டி மெதுவாகப் போனதால் முழங்கைச் சிராய்ப்போடு பிழைத்தாள். மறுநாளே அப்பா பட்டறையில் கம்பி வளைத்து சேலை கார்டு பொருத்தினார். பின்சக்கரத்தில் பாதியையாவது துணி சிக்காதபடி மறைக்க வேண்டும் என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. வண்டியின் அழகு கெடுகிறது என்று பிள்ளைகள் அதைக் கழற்றி வைக்கிறார்கள். விடாதீர்கள், சகோதரிகளே! முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும். கொண்டை கலைந்தால் கலையட்டும்.

பிளஸ் டூ முடித்த வருஷம் அப்பாவை நச்சரித்து ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் நாளே ஓங்கி உதைத்தேன். கிக்கர் திருப்பி அடித்ததில் கணுக்கால் வீங்கி, அம்மா நாலு நாள் உப்பு ஒத்தடம் கொடுத்தாள்.

"ஒதைக்காத அம்மிணி, முள்ளைப் பாரு" என்றார் அப்பா. சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால், ஆம்பியர் மீட்டரின் முள் ஓரிடத்தில் நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து கிக்கரைத் துளி நகர்த்த வேண்டும். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் பாரத்தை முழுசாக இறக்க வேண்டும். இதில் ஆம்பிளை பலம் எங்கே வந்தது? பாகுக்குப் பதம் பார்க்கிற மாதிரிதான்.

1999-ல் சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். "நம்ம வீட்டுப் பொம்பளை புல்லட் ஓட்டறதா?" என்று மாமியார் ஒரு தரம் கேட்டார்; அதோடு சரி. ஸ்கூட்டருக்கே பத்து வருஷம் ஆயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு மூட்டுத் தேய்மானம். இனி கிக்கர் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சும்மா நின்று துருப்பிடிப்பதைவிட விற்றுவிடலாம் என்றான் அண்ணன். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. காலையில் எழுந்து டாங்க்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அட்வான்ஸோடு ஆள் வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். "ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு ஏறினேன். முதல் உதை, சத்தமே இல்லை. இரண்டாவதும் அப்படியே. திண்ணையிலிருந்து, "முள்ளைப் பாரு, அம்மிணி!" என்று குரல் வந்தது. மூன்றாவதில் டப்... டப்...

வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

இப்போது மாதம் இரண்டு தரம் பஸ்ஸில் நாமக்கல் போய், அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று போய்வருகிறேன். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆரம்பத்தில் பிரேக் என்று கியரை மிதித்து, ஒரு எருமையிடம் மன்னிப்புக் கேட்காத குறை! போன தடவை புதுச்சத்திரம் நெருங்கும்போது, பறந்துகொண்டிருந்த என் துப்பட்டாவை அப்பா பின்னாலிருந்து இழுத்துச் செருகிவிட்டார்.