சிங்கப்பூரில் குடியேறும் குடும்பம்: வீட்டுக்கு முன் பள்ளி

சிங்கப்பூருக்கு வேலையின் பொருட்டுக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடத் தொடங்கும்போது, முதலில் நினைவுக்கு வரும் இடம் பெரும்பாலும் சிராங்கூன் சாலையாகவே இருக்கிறது. தேக்கா சந்தையும், வீரமாகாளியம்மன், சீனிவாசப் பெருமாள் கோயில்களும், முஸ்தபா கடையும் நடைதூரத்தில் அமைந்த, அச்சாலையையொட்டிய லிட்டில் இந்தியா வட்டாரத்தின்மீது புதிதாக வருவோர்க்கு நாட்டம் ஏற்படுவது இயல்பே. ஆயினும், சிறு பிள்ளைகளோடு வருவோர் அந்த நாட்டத்தை மட்டும் நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது சரியான முடிவன்று.

தமிழர் ஓரிடத்தில் திரண்டு வாழும் நகரமாகச் சிங்கப்பூர் இப்போது இல்லை. ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர் தஞ்சோங் பகாரிலும், கடற்படைத் தளத்தில் பணியாற்றியோர் செம்பவாங்கிலும், செட்டியார்கள் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் என, பிழைப்பு இருந்த இடத்தையொட்டியே குடியிருப்புகள் அமைந்திருந்தன. 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது அரசின் அடுக்குமாடி வீடுகளைக் கட்டிப் பராமரிக்கும் வீவக, மக்களைப் புதிய நகர்களுக்குக் குடியமர்த்தியபோது அக்குடியிருப்புகள் கலைந்தன. ஒரே இனத்தவர் ஒரே பேட்டையில் குவியாதிருக்க 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. வீவக வீடுகளை வாங்குவோர்க்கு ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) வட்டாரத்திலும் இனவாரியாக உச்சவரம்பு விதிக்கும் ஏற்பாடு அது. இதனால் பொங்கோல், ஈசூன், ஜூரோங் என எந்த நகருக்குச் சென்றாலும் தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். கோயில்களும் அவ்வாறே பரவியுள்ளன.

வாடகைக்கு வருவோரைக் கட்டுப்படுத்துவது வேறொரு விதி. 2014 முதல், முழு வீவக வீட்டையும் வெளிநாட்டினருக்கு வாடகைக்கு விடுவதற்கு வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு என்னும் வரம்பு உண்டு. மலேசியருக்கு இதில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. வரம்பு நிறைந்த புளோக்கில் உரிமையாளர் இசைந்தாலும் வீட்டைப் பெற இயலாது என்பதால், வைப்புத்தொகை கொடுக்குமுன் வீவகவின் இணையத்தளத்தில் அந்த முகவரியைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

எல்லாவற்றினும் கூடுதல் கவனத்துக்குரியது பள்ளி. அரசுத் தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்புச் சேர்க்கை, முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில், பல கட்டங்களாக நடைபெறுகிறது. விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகும்போது பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும், அடுத்து 2 கிலோமீட்டருக்குள்ளும் வசிப்போர்க்கு முன்னுரிமை உண்டு. நல்ல பள்ளிக்கு அருகில் வீடெடுத்தால் இடம் கிடைத்துவிடும் என்னும் பேச்சு இந்த விதியிலிருந்தே பிறந்தது. ஆனால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பதிந்து முடித்த பின்னரே, மூன்றாம் கட்டத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் முறை வருகிறது. அப்போதும் இடம் உறுதியன்று. பிற வகுப்புகளில் சேர விரும்புவோர் கல்வி அமைச்சு நடத்தும் நுழைவுத் தேர்வை எழுதித் தேற வேண்டும். ஆகவே, வேலை அனுமதியில் வரும் குடும்பம் பெயர்பெற்ற அரசுப் பள்ளியின் நிழலைத் தேடிக் கூடுதல் வாடகை கொடுப்பதில் பயன் மிகக் குறைவு.

இதனாலேயே பல குடும்பங்கள் இந்தியப் பாடத்திட்டம் உள்ள தனியார் பன்னாட்டுப் பள்ளிகளை நாடுகின்றன. பொங்கோலில் உள்ள குளோபல் இந்தியன் பள்ளி, சாய் சீயில் உள்ள என்பிஎஸ் பள்ளி போன்றவை தீவின் கிழக்கிலும் வடகிழக்கிலும் அமைந்திருக்கின்றன; தகவல் தொழில்நுட்ப, வங்கி அலுவலகங்கள் மிகுந்த சாங்கி வர்த்தகப் பூங்காவும் கிழக்கிலேயே உள்ளது. தந்தையோ தாயோ அங்குப் பணியாற்ற, பிள்ளை சாய் சீயில் படிக்குமானால், அருகிலுள்ள பிடோக்கையோ தெம்பனிசையோ விட்டுச் சிராங்கூன் சாலையில் குடியிருப்பது, ஐந்து வயதுக் குழந்தையின் உறக்கத்தை அன்றாடம் பறிப்பதாகவே முடியும்.

லிட்டில் இந்தியாவின் தகுதியைக் குறைத்துரைப்பது நோக்கமன்று. குழந்தை நோய்களுக்கான சிகிச்சைக்குப் புகழ்பெற்ற கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அதை ஒட்டியே அமைந்துள்ளது. கைக்குழந்தையோடு வருவோர்க்கு அது சிறிய ஆறுதலன்று. எனினும் 1989 முதல் பாதுகாக்கப்பட்டுவரும் அதன் மையப் பகுதி கடைவீடுகளால் ஆனது. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக நெருங்கி நிற்கும் அத்தெருக்களில் குழந்தைகள் ஓடியாட இடம் அரிது. வாரம் முழுதும் உழைக்கும் தொழிலாளர்கள் ஒன்றுகூடும் இடமாக ஞாயிறுதோறும் அவ்வட்டாரம் நிரம்பிவிடுவதும் உண்டு. அது அவர்களுடைய உரிமையான ஓய்வு நாள். இடம் மாற வேண்டியது, அமைதியை நாடும் குடும்பமே.

பிள்ளைகளின் தமிழ் குறித்த கவலையும் முகவரியால் தீர்வதில்லை. தமிழ் இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருந்தும், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடாக இருந்து 2020 கணக்கெடுப்பில் 2.5 விழுக்காடாகக் குறைந்திருப்பது வருந்தத்தக்கது. தமிழ் கற்பிக்கப்படாத உயர்நிலைப் பள்ளிகளின் மாணவர்கள் படிப்பதற்கு உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற ஏற்பாடுகள் உள்ளன. எனினும் மழலைப் பருவத்தில் வீட்டுப் பேச்சே பள்ளிக்கூடம்.

எனவே குடிபெயரும் பெற்றோர் முதலில் பள்ளியின் சேர்க்கைக் கடிதத்தை எழுத்தில் பெற வேண்டும்; அதுவரை குறுகிய காலத்துக்குத் தங்கிக்கொள்ளலாம். பிறகு, பார்த்துவைத்த வீட்டிலிருந்து பள்ளி வரை, காலை நெரிசல் நேரத்தில் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை சென்று பார்த்த பின்னரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.