கம்பியை இழுத்துப் பார்த்தால்

குறிஞ்சிப்பாடியில் வீடு கட்டுகிறவர் கம்பி வாங்கப் போனால் விலைக்கு அடுத்து வரும் கேள்வி, "500-ஆ, 550-ஆ?" எண் ஏற ஏற உறுதி கூடும் என்பது சரிதான். அறுவதற்கு முன் அது எவ்வளவு நீளும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

சோதனைக்கூடங்களில் 'யூ.டி.எம்.' எந்திரம் இருக்கும். 16 மி.மீ. கம்பியில் 80 மி.மீ. இடைவெளியில் இரு குறிகள் இட்டு, முனைகளைக் கவ்விகளில் மாட்டி இழுப்பார்கள். முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கம்பி இம்மியளவு நீளும், விசையை விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும். 500 ரகக் கம்பியில் விசை பத்து டன்னைத் தாண்டியதும் மேலே படிந்திருந்த கருஞ்செதில் பொலபொலவென உதிரும். இனி அது பழைய நீளத்துக்குத் திரும்பாது.

உள்ளே நடப்பது இது. எஃகின் படிகங்களில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வரிசையில் ஆங்காங்கே பிசகுகள் உண்டு. தரையில் விரித்த கைலியை மொத்தமாக இழுக்காமல் ஒரு சுருக்கத்தை மட்டும் தள்ளிக்கொண்டே போய் நகர்த்துவதுபோல, பிசகுகள் நகர்ந்துதான் இரும்பு நீள்கிறது. நகர நகர அவை பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதனால் கம்பி மேலும் இறுகும். ஓரிடம் மெலியும் வேகத்துக்கு இந்த இறுக்கம் ஈடுகொடுக்க முடியாத கட்டத்தில் அங்கே கழுத்து விழும். பிறகு நீட்சி முழுக்க அந்தக் கழுத்தில்தான். 'டப்' என்று அறுந்த முனை தொட்டால் சுடும்.

உயர் வலிமை எஃகில் பிசகுகளுக்கு முன்கூட்டியே தடை போட்டிருப்பார்கள். அதனால் உறுதி கூடுகிறது. மேற்கொண்டு இறுக இடம் குறைகிறது. கழுத்தும் சீக்கிரம் விழுகிறது. ஐ.எஸ். 1786 தரநிலை 500 ரகத்துக்குக் குறைந்தது 12 சதவீத நீட்சி கேட்கிறது, 550-க்கு 10. 'டி' சேர்ந்த 500டி என்றால் 16. நிலநடுக்கத்தில் தூண் சட்டென முறியாமல் வளைந்து தாங்குவது இந்த நீட்சியால்தான். என்னைக் கேட்டால் 'டி' இல்லாத கம்பியை வாங்கவே வேண்டாம்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக உற்பத்திப் பொறியியல் துறையினர் கவச வாகன எஃகை வெல்டிங் செய்து இப்படி இழுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பதம் ஏற்றிய எஃகில் வெல்டிங் சூடு பட்ட ஓரம் இளகிவிடுவதுண்டு. அப்போது நீட்சியெல்லாம் அந்தக் குறுகிய பட்டையில் குவியும். மற்ற பகுதி அசையவே அசையாது. அதனால் இணைப்பு அறுந்ததும், எவ்வளவு விசையில் என்பதோடு எந்த இடத்தில் என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள்.