திரைக்குள் ஒரு கட்சி, நகரியத்தில் ஒரு வெற்றிடம்

இணையத்தில் அரசாங்கம் நடத்தும் விளையாட்டுகள் நேற்று முளைத்தவை அல்ல. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி 2002-இல் தொடங்கிய 'நேஷன்ஸ்டேட்ஸ்' இருபது ஆண்டுகளைக் கடந்தும் ஆடப்படுகிறது. அதில் ஆளுக்கொரு நாடு. முன்வைக்கப்படும் சிக்கல்களுக்கு ஆடுபவர் எடுக்கும் முடிவுக்கேற்ப அந்த நாட்டின் குணம் மாறும். ஒருவரே ஆளும் நாட்டில் கட்சிக்கு வேலையில்லை.

2008-இல் வெளிவந்த 'இ-ரிபப்ளிக்' வேறு வகை. அங்கே இந்தியா உள்ளிட்ட உண்மையான நாடுகளின் பெயர்களே உள்ளன. ஒரே நாட்டில் பலர் குடிமக்கள். எனவே கட்சி பிறக்கிறது. மாதந்தோறும் 5-ஆம் தேதி அதிபர் தேர்தல், 15-இல் கட்சித் தலைவர் தேர்தல், 25-இல் நாடாளுமன்றத் தேர்தல். வரி விகிதம், குறைந்தபட்சக் கூலி, போர்ப் பிரகடனம் என எல்லாம் வாக்கெடுப்புக்கு வரும்.

இந்த விளையாட்டில் என்னை மிகவும் ஈர்த்தது 'அரசியல் கைப்பற்றல்' என்று ஆடுபவர்கள் சொல்லும் உத்தி. ஆள் குறைந்த ஒரு நாட்டைக் குறிவைத்து, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் கூட்டமாகக் குடியுரிமை பெறுவார்கள். உறுப்பினர்கள் ஏனென்று எட்டிப் பார்க்காத ஒரு கட்சியில் சேர்ந்து அதன் தலைமையை வெல்வார்கள். பிறகு நாடாளுமன்றம், அதன்பின் கருவூலம் காலி. ஒரு குண்டும் வெடிக்காது. எல்லாம் விதிப்படியே நடக்கும். கட்சி என்பது பெயர்ப் பட்டியல் அன்று, பதினைந்தாம் தேதி மறவாமல் வந்து வாக்களிக்கும் ஆட்கள்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் குடிமையியல் பாடமும் எனக்குச் சொன்னதில்லை.

நம் நாட்டில் ஒரு கட்சியைப் பதிவு செய்ய வாக்காளர்களான 100 உறுப்பினர்களேனும் வேண்டும். அப்படிப் பதிவாகி, ஆறு ஆண்டுகளாக ஒரு தேர்தலிலும் நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. மாதம் மூன்று தேர்தலைச் சந்திக்கும் கற்பனைக் கட்சியோடு ஒப்பிட்டால், இவற்றில் எது கற்பனை என்ற ஐயம் எழத்தான் செய்கிறது.

நெய்வேலி நகரியத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இத்தகைய ஓர் ஆட்டத்தில் கட்சி நடத்தும் எங்கள் வட்டத்து இளைஞர் ஒருவரிடம், அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எங்க ஊர்ல தெருவிளக்குக்காக நான் யாருக்கு சார் ஓட்டுப் போட முடியும்?" என்று திருப்பிக் கேட்டார்.

கேள்வி நியாயமானது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டபின், திட்டமிட்டு வட்டம் வட்டமாக எழுப்பிய ஊர் இது. வீடு, குடிநீர், சாலை, விளக்கு ஆகிய அனைத்தும் நிறுவனத்தின் நகர நிர்வாகத்தின் பொறுப்பு. சட்டப்பேரவைக்கு வாக்களிக்கிறோம், 2011 முதல் நெய்வேலி தனித் தொகுதியும்கூட. மக்களவைக்குக் கடலூர் தொகுதியில் வாக்களிக்கிறோம். தொழிலாளர்கள் தங்களுக்கான தொழிற்சங்கத்தை இரகசிய வாக்கெடுப்பில் தேர்வு செய்கிறார்கள். நகரியத்தை ஒட்டிய வடக்குத்து மக்களுக்கு ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. 2022 பிப்ரவரி 19 அன்று தமிழக நகரங்கள் உள்ளாட்சிக்கு வாக்களித்தபோது, நகரியத்தில் வாக்குச்சாவடி இல்லை. எங்களுக்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் கிடையாது.

இதில் சட்டமீறல் ஏதுமில்லை. 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த அரசமைப்பின் 243க்யூ பிரிவு, ஒரு தொழில் நிறுவனமே நகராட்சிப் பணிகளைச் செய்யும் இடத்தை 'தொழில் நகரியம்' என ஆளுநர் அறிவிக்கவும், அங்கே நகராட்சி அமைக்காமல் விடவும் இடம் தருகிறது. பணி நடந்தால் போதும், மன்றம் எதற்கு என்பது அதன் தர்க்கம்.

பணி நடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பல நகராட்சிகள் பொறாமைப்படும் மரநிழல் எங்களுடையது. ஆனால் சங்கத்தில் வாக்குள்ள ஊழியருக்கு ஒரு குரல் இருக்கிறது. அவருடைய மனைவிக்கோ, கல்லூரி செல்லும் மகளுக்கோ, கடைத்தெரு வணிகருக்கோ கோரிக்கை மனு மட்டுமே இருக்கிறது. மனு கொடுப்பவர் வேறு, வாக்களிப்பவர் வேறு.

எதிர்வாதம் வலுவானதுதான். ஓய்வுபெற்றதும் குடியிருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிரம்பிய ஊர் இது. நிலையான வாக்காளர் எங்கே என்பார்கள். வார்டுக்கு வார்டு கொடிக்கம்பம் முளைக்கும் என்றும் அஞ்சுவார்கள். அந்த அச்சம் எனக்கும் உண்டு. ஆகவே முழு நகராட்சியை நான் கேட்கவில்லை. வட்டத்துக்கு ஒருவராக, பதினெட்டு வயது நிறைந்த குடியிருப்போர் அனைவரும் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழு ஒன்று போதும். மாதம் ஒருமுறை நகர நிர்வாகம் அதன் கேள்விகளுக்கு எழுத்தில் விடையளிக்கட்டும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை. வட்டங்களின் எல்லைகளோ எப்போதோ வரையப்பட்டுவிட்டன.