அச்சில் வந்த இலக்குமி

பாப்பாமோட்டை போன்ற மன்னார்க் கரையோரச் சிற்றூரில் வாழ்பவர், இரவி வர்மா தீட்டிய தமயந்தியின் மூல ஓவியத்தைக் காண விரும்பின், கடல் கடந்து திருவனந்தபுரம் செல்லுதல் வேண்டும். அச்சுப்படமோ வீட்டுச் சுவருக்கே வந்துவிடும். இரவி வர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சகம் நிறுவினார். வண்ணத்துக்கு ஒரு சுண்ணக்கல்லாக உருவெழுதி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பது அங்குக் கையாண்ட முறை. தாள் மயிரிழை விலகினாலும் இலக்குமியின் இதழ்ச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும்.

படத்தை வாங்கியோர் பார்த்ததோடு அமையவில்லை. இலக்குமியின் சேலைமேல் பட்டுத்துணி ஒட்டிச் சரிகை தைத்தோர் பலர். நகை வரைந்த இடத்தில் மணியும் சமிக்கியும் பதித்தனர். ஒரே அச்சில் பிறந்த பல்லாயிரம் படங்களுள் ஒன்று, அவ்வாறு அந்த வீட்டுக்கே உரியதாயிற்று.

கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இப்படைப்புகளை ஏற்கவில்லை. இவை நாடகப் பாங்கானவை, கற்பனை வளம் குன்றியவை என்பது அவர் கண்ட குறை. அதில் உண்மை உண்டு. தேவியர் நிற்கும் நிலையிலேயே மேடைச் சாயல் தெரிகிறது. ஆயினும், சரிகை தைத்த கைக்கு அது குறையாகப் படவில்லை. பழகிய முகமாதலின், மகளுக்குச் செய்வதுபோல் அலங்காரம் செய்ய முடிந்தது. கருவறைத் திருமேனிக்கு ஆடை சாத்துவது அருச்சகர் உரிமை. இப்படத்துக்கு உடுத்துவதோ வீட்டார் உரிமை.

பின்னர் மளவலிக்குப் பெயர்ந்த அவ்வச்சகம் 1972ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. சரிகை தைத்த படங்கள் சில நூதனசாலைகளில் இன்றும் உள.