பெங்களூரில் பேச்சு, செவித்திறன் முதுநிலைப் படிப்பு

காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து, குறைவுக்கு ஈடுகட்ட வழி செய்வது செவியியல். பேச்சு, மொழி, குரல், விழுங்குதல் ஆகியவற்றில் வரும் சிக்கலைக் கண்டறிந்து பயிற்சியால் சீராக்குவது பேச்சு-மொழி நோயியல். மக்கள் வழக்கில் முதலாமவர் ஆடியாலஜிஸ்ட், இரண்டாமவர் ஸ்பீச் தெரபிஸ்ட். இருவரும் மருத்துவர்கள் அல்லர். காது-மூக்கு-தொண்டை மருத்துவரோடும் நரம்பியல் மருத்துவரோடும் சேர்ந்து வேலை செய்பவர்கள். மருத்துவர் காதில் அறுவை செய்வார், மருந்து கொடுப்பார். அந்தக் காது மறுபடி சொற்களைப் பிடிக்கப் பழகுவது இவர்களின் பொறுப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேள்திறன் குறை உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல், பேச்சுக் குறை உள்ளவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். முதுமையில் காது மந்தமானவர்களும், பக்கவாதத்துக்குப் பின் சொல் வராமல் தவிப்பவர்களும் தங்களை இந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்வது குறைவு. ஆகவே தேவை இதைவிடப் பெரிது.

இந்தத் துறையைப் படிக்க விரும்புவோர் கர்நாடகத்தை நாடுவதற்கு நீண்ட வரலாறு உண்டு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965-ல் மைசூரில் தொடங்கப்பட்டது. துறையில் இருப்பவர்கள் அதை ‘ஐஷ்’ என்றே சொல்வார்கள். இளநிலைப் படிப்புக்கு முன்பே முதுநிலைப் படிப்பு தொடங்கிய நிறுவனம் அது. ஆசிரியர்களை முதலில் உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்த காலம். அங்கே படித்தவர்கள் பெங்களூர், மங்களூர், சென்னை, திருவனந்தபுரம் என்று பரவித் துறைகளை நிறுவினார்கள். பெங்களூரிலேயே லிங்கராஜபுரத்தில் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, செவித்திறன் நிறுவனமும், ஹெப்பால் பக்கம் சம்வாத் நிறுவனமும் உள்ளன. ஓசூர் சாலையில் இருக்கும் மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் இதற்கெனத் தனித் துறை உண்டு. மூளை, நரம்பு சார்ந்த பேச்சுக் கோளாறுகளைக் காண அதைவிடப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் அரிது. மைசூர் ஐஷில் பேராசிரியராக இருந்த பிரதிபா காரந்த், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான காம் டீல் அறக்கட்டளையைப் பெங்களூரில் நிறுவினார்.

முதுநிலைக்குள் நுழைய இன்றுள்ள வாசல் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற நான்காண்டு இளநிலைப் பட்டம். மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. பழைய பி.எஸ்சி. பேச்சு, செவித்திறன் பட்டம் பெற்றவர்களும் தகுதியுடையவர்களே. மொழியியலோ உளவியலோ மட்டும் படித்தவர் இந்தியாவில் நேராக இந்த முதுநிலையில் சேர முடியாது. இளநிலையில் பேச்சும் செவியும் ஒன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. முதுநிலையில்தான் வழி பிரிகிறது. எம்.எஸ்சி. செவியியல், எம்.எஸ்சி. பேச்சு-மொழி நோயியல் என இரண்டு தனிப் பட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டாண்டு, நான்கு செமஸ்டர்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு உள்ளிருப்புப் பயிற்சி ஆண்டே விடை தர வேண்டும். அளவையிலும் கருவியிலும் ஒலி இயற்பியலிலும் மனம் ஒன்றுபவருக்குச் செவியியல் பொருந்தும். ஒரே குழந்தையோடு மாதக்கணக்கில் தரையில் உட்கார்ந்து, ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் பொறுமை உள்ளவருக்குப் பேச்சு-மொழி நோயியல். சம்பளத்தை மட்டும் பார்த்துக் கிளையைத் தேர்ந்தெடுப்பது தவறு. தெரபி அறையில் அது இரண்டாம் மாதமே தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தில் முதலில் பார்க்க வேண்டியது கல்லூரியின் பெயரை அல்ல, அதன் அங்கீகாரத்தை. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம், அதாவது ஆர்.சி.ஐ., எந்தக் கல்லூரி எந்தப் படிப்பை எந்த ஆண்டு வரை நடத்தலாம் என்று ஒப்புதல் தருகிறது. ஒப்புதல் படிப்புக்குத்தான், கட்டடத்துக்கு அல்ல. ஒரே கல்லூரியில் இளநிலைக்கு ஒப்புதல் இருந்து முதுநிலைக்கு இல்லாமல் போகலாம். கட்டணம் கட்டுவதற்கு முன் மன்றத்தின் இணையதளப் பட்டியலைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பார்க்காமல் சேர்ந்தால் இரண்டாண்டுக்குப் பின் கையில் பட்டம் இருக்கும், தொழில் செய்யும் உரிமை இருக்காது.

மைசூர் ஐஷ் அகில இந்திய அளவில் நுழைவுத் தேர்வு நடத்துகிறது. கேள்விகள் இளநிலைப் பாடங்களிலிருந்தே வரும். கடைசி ஒரு மாதம் படித்து எழுதக்கூடிய தேர்வு அல்ல அது. இடம் கிடைத்தவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு என்பதால் போட்டி கடுமை. பெங்களூரின் தனியார் கல்லூரிகளில் இளநிலை மதிப்பெண், இணைவு பெற்ற பல்கலைக்கழகத்தின் விதி ஆகியவற்றைப் பொறுத்துச் சேர்க்கை நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர் மார்க்ஸ் கார்டு, மாற்றுச் சான்றிதழ், உள்ளிருப்புப் பயிற்சி முடித்த சான்று இவற்றோடு, பழைய பல்கலைக்கழகத்தின் மைக்ரேஷன் சான்றிதழையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஐஷ் மத்திய அரசு நிறுவனம் என்பதால் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு மாநில அரசின் சான்று போதாது. மத்தியப் பட்டியலின்படி, மத்திய அரசு வடிவில் தாசில்தார் தரும் சான்று வேண்டும். தகுதி இருந்தும் இந்த ஒரு தாளால் இடத்தை இழப்பது வேதனை.

சேர்ந்தபின் நாள் இரண்டாகப் பிரிகிறது: கிளினிக் ஒரு பாதி, வகுப்பு ஒரு பாதி. செவியியல் மாணவர் ஒலிபுகா அறையில் தூய ஒலிச் சோதனையில் தொடங்கி, தூங்கும் பச்சிளங்குழந்தையின் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளைத்தண்டின் பதிலைப் பதிவு செய்யும் ‘பெரா’ சோதனைக்குப் போகிறார். குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல்நிலைச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கு. காது மெஷினை ஒவ்வொருவரின் குறைக்கும் ஏற்பத் திருத்துவது, உட்காதில் கோக்லியர் கருவி பொருத்திய குழந்தைக்கு மின்முனைகளின் தூண்டல் அளவை வகுக்கும் ‘மேப்பிங்’, தலைசுற்றலுக்கான சமநிலைச் சோதனை என்று பாடம் விரிகிறது. சட்டப் பொறுப்பும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பைக் காதுகேளாமை என்றும், 60 முதல் 70 வரையிலானதைக் கேள்திறன் குறை என்றும் வரையறுக்கிறது. ஒருவரின் உதவித்தொகையும் வேலை ஒதுக்கீடும் செவியியலாளர் எழுதும் அந்த எண்ணில் நிற்கின்றன.

பேச்சு-மொழி நோயியல் மாணவரின் அறைக்குத் திக்குவாய் உள்ள கல்லூரி மாணவர், குரல் கம்மிய ஆசிரியை, அண்ணப்பிளவு அறுவை முடிந்த சிறுவன், பக்கவாதத்தில் சொல் இழந்த முதியவர், மூன்று வயதாகியும் பேசாத குழந்தை எல்லோரும் வருகிறார்கள். இருமல் வராமல் ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கக் கற்றுக்கொடுப்பதும் இந்தப் படிப்பில் அடங்கும்.

பெங்களூரில் இந்தப் படிப்புக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது மொழி. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம், இந்தி, ஆங்கிலம் என ஒரே நாளில் ஏழு மொழிக்காரர்கள் ஒரு கிளினிக்கின் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ரத்தப் பரிசோதனைக்கு மொழி வேண்டாம். பேச்சுப் பரிசோதனைக்கு மொழிதான் கருவி. அல்சூர்ப் பக்கம் ஒரு தமிழ் வீட்டுக் குழந்தை கன்னட அங்கன்வாடிக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பால் படத்தைக் காட்டினால் கன்னடத்தில் ‘ஹாலு’ என்று வர வேண்டும். குழந்தை ‘பாலு’ என்கிறது. தமிழ் தெரியாத மாணவர் ஹகரத்துக்குப் பதில் பகரம் வருகிறது என்று பிழையாகக் குறிப்பார். குழந்தையிடம் பிழையே இல்லை. அது அம்மாவின் சொல்லைச் சொல்கிறது. பல்லுக்கு ஹல்லு, புலிக்கு ஹுலி என்று இதே கதை தொடரும். அதேபோல் ழகரம் வராத குழந்தையைப் பயிற்சிக்கு உட்படுத்துவதற்கு முன், அந்த வீட்டில் யாராவது ழகரம் சொல்கிறார்களா என்று கேட்க வேண்டும். பெரியவர்களே பளம், மள என்று பேசும் வீட்டில் குழந்தையின் நாக்கைக் குறை சொல்ல இடமில்லை.

செவிச் சோதனையிலும் இதே கவனம் வேண்டும். பேச்சைப் புரிந்துகொள்ளும் அளவைக் காண, காதொலிப்பானில் சொற்களை ஒலிக்கச் செய்து திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அந்தச் சொற்கள் நோயாளிக்குப் பழகியவையாகவும், அந்த மொழியின் ஒலிகள் பேச்சில் வரும் விகிதத்திலேயே அமைந்தவையாகவும் இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு ஓரசைச் சொற்கள் ஏராளம்; தமிழிலும் கன்னடத்திலும் ஈரசைச் சொற்களே மிகுதி. ஆங்கிலப் பட்டியலை அப்படியே பெயர்த்தால் பயனில்லை. மொழி தெரியாமல் விட்ட சொல்லுக்குக் காதின் மேல் பழி விழும்.

பேச்சு தாமதமான குழந்தையின் பெற்றோரிடம் ‘வீட்டில் தமிழை விடுங்கள், ஒரே மொழியில் பேசுங்கள்’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு உண்டாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாட்டியோடு பேசும் மொழியைக் குழந்தையிடமிருந்து பறிப்பது சிகிச்சை ஆகாது. இதைப் பெற்றோருக்கு நிதானமாக விளக்கக் கற்றுக்கொள்வதும் படிப்பின் ஒரு பகுதியே.

இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு. பலர் இதைத் தேர்வுக்கான சுமையாக நினைக்கிறார்கள்; துறையின் உண்மையான சொத்து இங்கேதான் சேர்ந்திருக்கிறது. இந்திய மொழிகளுக்கான சோதனைகளில் பல மைசூரில் முதுநிலை மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளிலிருந்து பிறந்தவை. 1972-லேயே கன்னட உச்சரிப்புச் சோதனை வெளிவந்துவிட்டது. 2005-ல் ஒலிச் சமநிலை கொண்ட கன்னடச் சொற்பட்டியல் வந்தது. அந்த வரிசையில் தமிழுக்கும் வேலை மிச்சமிருக்கிறது. கொங்குத் தமிழ், நெல்லைத் தமிழ், பெங்களூர்த் தமிழ் பேசும் குழந்தைகள் எந்த வயதில் எந்த ஒலியைப் பிடிக்கிறார்கள் என்பது ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்குத் தகுதியான கேள்வி. பெங்களூரில் படிக்கும் தமிழ் மாணவருக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே தலைப்பைப் பேசிவிடுவதும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு முதல் ஆண்டு முடியும்போதே விண்ணப்பிப்பதும் கடைசி மாத அலைச்சலைக் குறைக்கும்.

மேற்கொண்டு படிக்க முனைவர் பட்டம் உண்டு. குரலை வைத்து ஆளை அடையாளம் காணும் தடயவியல் பேச்சு அறிவியல், நரம்புச் செவியியல் போன்றவற்றில் முதுநிலைப் பட்டயமும் ஐஷ் அளிக்கிறது.

வெளிநாடு செல்ல நினைப்பவர் விதிகளை இளநிலையிலேயே படித்துவிட வேண்டும். அமெரிக்காவில் பேச்சு-மொழி நோயியலுக்கு முதுநிலைப் பட்டம் போதும், செவியியலுக்கு ஏ.யு.டி. என்ற முனைவர் நிலைப் பட்டம் தேவை. அங்குள்ள தொழில்முறைச் சங்கமான ஆஷாவின் சான்றிதழ் பெற, பேச்சு-மொழி நோயியல் மாணவர் 400 மணி நேரக் கிளினிக் அனுபவமும், பிராக்சிஸ் தேர்வும், அதன்பின் குறைந்தது 36 வாரக் கண்காணிப்புப் பணியும் முடிக்க வேண்டும். பிரிட்டனில் பேச்சு சிகிச்சை நிபுணராக வேலை செய்ய எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் மன்றத்தின் பதிவு வேண்டும். இந்தியக் கிளினிக்கில் செலவழித்த மணி நேரத்தை நாள்வாரியாக எழுதி, மேற்பார்வையாளரின் கையெழுத்துடன் வைத்திருப்பவருக்குப் பின்னாளில் வேலை எளிது.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, காது மெஷின் நிறுவனம், சொந்தக் கிளினிக், கல்லூரி ஆசிரியப் பணி என வழிகள் பல. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மாவட்ட மையங்களில் செவியியல், பேச்சு சிகிச்சைப் பணியிடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. சிறு ஊர்களில்தான் இந்த இரு துறையினரும் மிகவும் தேவைப்படுகிறார்கள்.

எங்கே வேலை செய்தாலும் ஆர்.சி.ஐ. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது சட்டம். பதிவு பெற்றவர் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்துப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் சி.ஆர்.ஆர். என்ற பதிவேட்டு எண் உண்டு. குழந்தையைத் தெரபிக்கு அழைத்துச் செல்லும் எந்தப் பெற்றோரும் முதல் நாளே அந்த எண்ணைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.