சந்தை நாயின் காதில் ஒரு வெட்டு: தெரியுமா?

சிலாபம் மீன் சந்தைக்கு விடியப்புறமே போகிறவரா நீங்கள்? பாரையின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் கையோடு, காலடியில் படுத்திருக்கும் நாயின் காதையும் ஒருதரம் பாருங்கள். ஓரத்தில் முக்கோணமாய் ஒரு சின்னத் துண்டு இல்லையா? சண்டையில் போன காது என்று நினைத்தீர்களானால் தவறு! சண்டைக் கிழிசல் கோணல்மாணலாய் இருக்கும். இது கத்தரித்தாற்போல் நேராய் இருக்கும். ‘எனக்குக் கருத்தடை முடிந்தது, மறுபடி பிடிக்காதே’ என்று மிருக வைத்தியர் போட்டுவிட்ட கையெழுத்து அது. மயக்கத்தில் கிடக்கும்போதே வெட்டிவிடுவதால் நாய்க்கு வலி தெரியாது.

அந்தக் கையெழுத்தைப் போட்டவர் கடல் கடந்து வந்தவராகவும் இருக்கலாம். இலங்கையைச் சுற்றிப் பார்க்க வந்த பிரித்தானிய மிருக வைத்தியர் ஜேனி லோஸ், இங்குள்ள தெருநாய்களின் நிலை கண்டு ஊர் திரும்ப மனமில்லாமல், 2014இல் தென்கரையில் தலல்லயில் ‘வீகெயார்’ அமைப்பைத் தொடங்கினார் என்பது தெரியுமா? சிலாபத்துக்குத் தெற்கே அதே கடலோர வீதியில் உள்ள நீர்கொழும்பிலும் பிரித்தானியர் தொடங்கிய ‘டொக்ஸ்டார்’ இதே வேலையைச் செய்திருக்கிறது.

அந்நிய நாட்டு மிருக வைத்தியமா என்று வியக்கிறீர்களா? கதை அதைவிடப் பழையது! சோழ, பாண்டிய நாடுகளிலும் தாமிரபரணி வரையிலும் மனிதருக்கும் மிருகங்களுக்கும் வைத்தியம் ஏற்பாடு செய்ததாக அசோகன் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறான். தாமிரபரணி என்று அவன் சொன்னது இந்தத் தீவைத்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு. வயிற்றில் கட்டி வந்த பாம்புக்கே சத்திரசிகிச்சை செய்த புத்ததாச மன்னனின் கதையும் நம் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்தில் உண்டு. பாம்பை யார் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்காதீர்கள்.

இன்றைக்குக் கருத்தடை முகாமுக்கு வரும் தொண்டர் எல்லாரும் கத்தி பிடிப்பவர் அல்லர். வயிற்று மயிரை மழிக்க ஒருவர், மூச்சை எண்ண ஒருவர். சில மயக்க மருந்துகளில் நாயின் கண் திறந்தபடியே கிடக்கும்; அது காயாமலிருக்க மருந்து இட ஒருவர். வேடிக்கை என்னவென்றால், நமக்கு வியர்த்து ஊற்றும் அதே கொட்டகையில் மயங்கிய நாய்க்கு உடம்பு குளிர்ந்து போகும்! போர்வையும் வெந்நீர்ப் போத்தலும் வைத்துச் சூடேற்றுவார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவிலிருந்தே நாயின் வயிறு காலியாக இருக்கவேண்டும். மீன் சந்தை நாயைப் பட்டினி போட்டுப் பாருங்கள், தெரியும் கஷ்டம்.

எல்லாவற்றையும் தூக்கி அடிக்கும் ஆச்சரியம் இனித்தான். தொற்றும் புற்றுநோய் உண்டு, தெரியுமா? கிருமியால் அல்ல, புற்றுக் கலமே உயிரோடு ஒரு நாயிலிருந்து மற்ற நாய்க்குத் தாவும், பெரும்பாலும் இணைசேரும்போது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடலில் தோன்றிய கட்டி அது. அந்த நாய் மண்ணாகிவிட்டது, அதன் கலங்கள் மட்டும் சாகாமல் இன்றைக்கும் தெருநாய்களில் உலவுகின்றன! மருந்து? நம் வேலியோரத்து நித்தியகல்யாணி! அந்தச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்ரினை வாரம் ஒன்றாக ஊசியில் ஏற்றினால், பெரும்பாலான நாய்களில் கட்டி கரைந்தே போகும். இணைசேர்வது குறைந்தால் இந்த நோயும் குறையும். கருத்தடையில் இப்படி ஒரு லாபம் இருப்பது பலருக்குத் தெரியாது.

சிகிச்சை முடிந்ததும் நாயை எங்கே விடுவார்கள்? பிடித்த அதே சந்தியில்! அப்புறப்படுத்தினால் குப்பையில் கிடக்கும் மீன் தலைக்கு அடுத்த ஊர் நாய் வந்து குடியேறும், குட்டியும் போடும். இந்த எளிய கணக்கு அரசுகளுக்குப் புரியத்தான் காலம் பிடித்தது. இலங்கையில் கட்டாக்காலி நாயைக் கொல்ல வழிசெய்த சட்டம் 1893இல் வந்தது. கொல்லாமை அரச கொள்கையானது 2006இல். சென்னையில் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964இலேயே கருத்தடை யோசனையைச் சொல்ல, மாநகராட்சி இணங்கியது 1996இல். முப்பத்திரண்டு ஆண்டு! நாயைக் குறை சொல்ல நமக்கு என்ன வாய் இருக்கிறது?

நாயைக் கொல்லச் சொன்னதற்குக் காரணம் விசர்நோய்ப் பயம். 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் இறந்தவர்கள் 377 பேர். அது அண்மைய ஆண்டுகளில் இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியதற்குக் காரணம், நாய்களுக்குப் போட்ட தடுப்பூசியும் கடிபட்டவர்களுக்குக் கிடைத்த சிகிச்சையும்தான்.

ஆகவே ஒரு வார்த்தை. நாய் கடித்தால், ‘காதில் வெட்டு இருக்கிறதே’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த வெட்டு கருத்தடைக்குத்தான் ஆயுள் முழுக்கச் சாட்சி. நாய்க்குப் போடும் விசர் தடுப்பூசியோ தவணை தவறாமல் திரும்பப் போடவேண்டியது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாய் 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம்.