கையிருப்புக்கு ஏற்ற வீடு

லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடுகளை ஊர்தோறும் காண்கிறோம். வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போன பிறகே பலரும் செலவைக் குறைக்க முனைகின்றனர். அப்போது கை வைப்பது கம்பியிலும் சிமெண்டிலும்! குறைக்க வேண்டியதை வரைபடத்திலேயே, அஸ்திவாரம் தோண்டுமுன் குறைத்துவிட வேண்டும்.

திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை 1970களில் உருவாக்கிய லாரி பேக்கர் (1917–2007) இதைச் செய்து காட்டினார். செங்கற்களைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். ‘எலிப்பொறிக் கட்டு’ என்னும் இம்முறையில் செங்கல் ஏறத்தாழ 25 விழுக்காடு மிச்சமாகும். இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதிக் கான்கிரீட்டுக்குப் பாரம் தாங்கும் வேலை மிகக் குறைவு. ஆகவே, அங்கே கம்பிகளுக்கிடையே ஓடுகளைப் பதித்தார். சிமெண்ட் குறைந்தது, உறுதி குறையவில்லை.

நீங்களும் சமையலறையையும் குளியலறையையும் அடுத்தடுத்து அமையுங்கள். குழாய்ச் செலவு குறையும். சுவரில் தேவையற்ற மூலைகளைத் தவிருங்கள். மாடியைப் பின்னர் கட்டுவதாயின், அதற்கேற்ற அஸ்திவாரத்தை இப்போதே இடுங்கள். பொறியாளர் கணக்கிட்ட கம்பியை மட்டும் ஒருபோதும் குறைக்காதீர்கள்.

முதலில் இல்லத்தாரோடு அமர்ந்து கையிருப்பை எழுதுங்கள். அதன் பிறகு வரைபடம் கேளுங்கள். கடனில்லாத சிறிய வீட்டில் உறக்கம் நன்றாக வரும்.